கரிசல் வெடிக்கிற வருஷம் கடல் ஏறும்

உக்காருங்க பிள்ளைகளா. பின்னாடி இருக்கிற தம்பி, போனை உள்ள வை. நான் ரிட்டயர் ஆனவ, மெமோ குடுக்க அதிகாரம் கிடையாது. ஆனா வாய் இருக்கு.

கடல் மட்டம் வருஷத்துக்கு வருஷம் ஏன் மாறுதுன்னு புதுசா வந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கன்னு உங்க ஆபீசர் கேட்டாரு. அருப்புக்கோட்டையில உக்காந்துக்கிட்டுக் கடலைப் பத்திப் பேசினா ஊர்ல சிரிப்பாக. எனக்குப் பாளையம்பட்டி. சொந்தக்காரங்க பாதிப் பேரு தறி, பாதிப் பேரு ஜவுளிக்கடை. கல்யாண வீட்டுல யாராவது 'இவ என்ன வேலை பாக்குறா'ன்னு கேட்டா எங்க அண்ணன் 'சமுத்திரத்துக்குக் கணக்குப்பிள்ளை'ம்பான். கேலிதான். கேக்க நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்.

பாடம் நடத்த நான் வரலை. புத்தகத்துல இருக்கிறதை நீங்களே படிச்சுக்குவீக. நான் சொல்லப்போறது ஒரு குடும்பத்தைப் பத்தி. ஆமினான்னு ஒரு பொம்பளை, அவ புருசன் பக்கீர், அவுகளுக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைக. கரையோரம் ஒரு சின்ன ஊரு, மீன்பிடிதான் பொழப்பு. அந்தக் குடும்பம் எங்க படுத்துத் தூங்கணுங்கிறதை நம்ம ஆபீசு போட்ட ஒரு எண்ணு முடிவு பண்ணிருச்சு. அதைக் கேளுங்க, மத்ததெல்லாம் தானா விளங்கும்.

முதல்ல ஒண்ணு. அலை, ஏத்த வத்தம், புயல் எல்லாத்தையும் கழிச்சுட்டு ஒரு வருஷத்துக் கடலுக்குச் சராசரி எடுத்தா, அது எல்லா வருஷமும் ஒரே உயரத்துல நிக்காது. ஒரு வருஷம் அரைச்சாண் ஏறி நிக்கும், இன்னொரு வருஷம் இறங்கி நிக்கும். கரையில நின்னு பாக்குறவனுக்கு அது தெரியாது. ஆனா மணல்மேட்டைத் தாண்டுவோமா வேண்டாமான்னு தயங்கி நிக்கிற தண்ணிக்கு அந்த அரைச்சாண் போதும்.

சரி, கடல் ஏறுச்சா, தரை இறங்குச்சா? கடலைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அசையாத ஒரு கல்லு வேணும். அந்தக் கரையில தோண்டுற இடமெல்லாம் மணலு. அதனால எங்க ஆளுக உள்நாட்டுல, திருச்சுழி தாண்டி ஒரு குன்னுப் பாறையில அடிச்ச குறியிலிருந்து லெவல் மிஷினை வச்சு உயரம் பார்த்துக்கிட்டே கரை வரைக்கும் போவாக. போயி அங்க தண்ணிக்குள்ள நிக்கிற அளவுக் கம்பம் சரியா இருக்கான்னு பாப்பாக. அந்தக் குன்னை ஒரு குவாரிக்காரன் வெட்டி லாரியில ஏத்திட்டான். குறியும் ஜல்லியோட ஜல்லியாப் போயிருச்சு.

அதுக்குப் பதிலா பரளச்சிப் பக்கம் ரோட்டோரம் நட்டிருந்த ஒரு பழைய கல்லை எடுத்துக்கிட்டாக. முழங்கால் உயரம், தலையில செப்புக் குமிழு. எங்க அதிகாரி அப்பத்தான் மாத்தலாகி வந்திருந்தாரு. கடற்கரை ஊருல பொறந்து வளந்தவரு, கெட்டிக்காரரு, கோவப்படத் தெரியாத மனுசன். அவுக ஊர்ல மணல்தான் நகரும், கல்லு நகராது. "மணலைத்தாம்மா சந்தேகப்படணும், கல்லை இல்லை"ம்பாரு. நாங்களும் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிடாத குறையா வேலையை ஆரம்பிச்சோம். அது நின்ன இடம் கரிசல்.

அப்புறம் ரெண்டு வருஷம் தொடர்ந்து ஐப்பசி மழை ஏமாத்திருச்சு. பருத்தி முளைக்கவே இல்லை. மல்லாங்கிணறுல இருந்து பரளச்சி வரைக்கும் காடு கருப்பா வெறிச்சுக் கெடந்துச்சு. அதுக்கு அடுத்த கோடையிலதான் எங்க கணக்குல, கடல் ஒரு சாண் ஏறிருச்சுன்னு வந்துச்சு.

ஒரு சாண்! நாங்க யாரும் அப்படி ஒரு எண்ணைப் பார்த்ததில்லை. நேர்ல பாத்துட்டு வாங்கன்னு அதிகாரி என்னைக் கரைக்கு அனுப்பினாரு.

நான் போனது நல்ல உச்சி வெயில். காத்து இல்லை. ஒரு இலை அசையலை. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி படுத்திருந்துச்சு. தெருவுல தண்ணி நின்னுச்சு. ஓடலை, சலசலக்கலை, சும்மா நின்னுச்சு. வாசப்படிக்கு வாசப்படி, ஒரே மட்டமா. வந்த தடமே இல்லை. நாய்க எல்லாம் கவுத்துப் போட்ட வள்ளத்து மேல ஏறி, குரைக்காம உக்காந்திருந்துச்சுக. புயலுக்கு நடுவுல நின்னு வேலை பாத்தவ நான். அன்னைக்குத்தான் கடலைப் பார்த்து ரெண்டு அடி பின்னுக்கு வச்சேன்.

பக்கீர் தண்ணிக்குள்ள முட்டி மடக்கி உக்காந்து வலை பின்னிக்கிட்டு இருந்தான். வேட்டி நனையுறதைப் பத்திக் கவலையே இல்லை.

"எப்பய்யா வந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"யாரு பாத்தா? சோறு திங்க உக்காந்தோம், எந்திரிச்சா காலு நனைஞ்சுச்சு. கோவமா வந்தா சண்டை போடலாம் மேடம். இது விருந்தாளி மாதிரி வந்து உக்காந்திருக்கு."

ஆமினா உள்ள இருந்து வந்து எனக்கு ஸ்டூலு போட்டா. தண்ணிக்குள்ள ஸ்டூலு, அதுமேல நான், கையில டீ. அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அக்கா, இது போயிருமா, இல்லை எங்களைப் போகச் சொல்லுமா?"

எனக்குத் தெரியலை. தெரியலைன்னே சொன்னேன்.

மேல இருக்கிறவங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு சாண்ங்கிற எண்ணு மேஜைக்கு மேஜை போச்சு. ஊரையே தூக்கி உள்நாட்டுல வைக்கணும்னு முடிவாச்சு. பரளச்சிக்கு வெளிய புறம்போக்குல தகரக் கூரை போட்டு வரிசையா வீடு. முதல்ல நாலஞ்சு குடும்பம், எங்க கடைசி அறிக்கை போன உடனே மிச்ச ஊரு. போனவுக திரும்ப முடியாது, கரையில வேலி போட்டுருவோம்னு சொல்லிட்டாக. தலைமுறை தலைமுறையா தண்ணியில பொழைச்ச சனத்தைக் கொண்டாந்து கரிசல்ல விட்டா என்ன செய்யும்? முதல் லோடுல ஆமினாவும் பிள்ளைகளும் வந்தாக. பக்கீர் வள்ளத்தை விட்டு வரமாட்டேன்னு கரையிலயே தங்கிட்டான். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை பஸ்ஸு ஏறி வந்து பாத்துட்டுப் போவான்.

கொஞ்ச நாள் கழிச்சு ஆமினா எனக்குப் போன் பண்ணினா.

"அக்கா, கடலு இங்கயும் வந்துருச்சு."

"என்னத்தா சொல்ற?"

"வீட்டுக்கு அடியில கெடக்கு. உச்சி வேளையில கேக்குது. நீங்க வந்து கேளுங்க."

சிரிப்பு வந்துச்சு. அப்புறம் சிரிப்பு நின்னுருச்சு. ஏன்னா, அவ கடல் சத்தத்தைக் கேட்டே வளந்தவ. வேற எந்தச் சத்தத்தையும் கடல்னு நெனைச்சு ஏமாற மாட்டா.

நான் போயி எறங்கினப்ப ரோட்டு டீக்கடையில கருப்பையான்னு ஒருத்தரு. நான் எங்க போறேன்னு தெரிஞ்சதும் கிளாஸைக் கழுவுறதை நிறுத்திட்டாரு.

"அந்தப் புள்ளை சொல்றது நெசந்தான் தாயி. பிரளயம் வந்தப்ப சாமி சூலத்தால குத்தி, மொத்தத் தண்ணியையும் சுழிச்சு உள்ள எறக்குன எடம்ல திருச்சுழி. எறங்குன தண்ணி எங்கிட்டுப் போகும்? அடியிலதான கெடக்கும்."

"இதை அவகிட்டயும் சொன்னீகளா?"

"கேட்டுச்சு, சொன்னேன்."

நல்லாச் சொன்னீக போங்கன்னுட்டு நடந்தேன்.

வெடிச்ச கரிசலைப் பகல்ல பாத்திருக்கீகளா? பாளம் பாளமாப் பிளந்து கெடக்கும். ஒரு பிளவுல கையில இருந்த குச்சியை விட்டேன், மொத்தமா உள்ள போயிருச்சு. ஒரு சனம் இல்லை. தகரக் கூரை வெயில்ல சடக் சடக்குன்னு முறியுற சத்தம். ஆமினா பிள்ளைகளைக் கட்டிலுக்கு மேல ஏத்தி வச்சுட்டு, தானும் காலைத் தூக்கி மேல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. தரையில ஒரு பொட்டு ஈரம் கெடையாது. அவ காலை எறக்க மாட்டேங்குறா.

"குனிஞ்சு கேளுங்க அக்கா."

நான் தரையில படுத்துக் காதை வச்சேன். சொன்னா நம்ப மாட்டீக. கேட்டுச்சு. தூரத்துல அலை வந்து கரையை ஏறி, இழுத்துக்கிட்டுப் போற சத்தம். ஒரு தடவை வரும், நிக்கும், திரும்ப வரும். என் காது மடலு சில்லுன்னு ஆயிருச்சு. எந்திரிக்கத் தோணலை, கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருந்துச்சு. அதுதான் ரொம்பப் பயமா இருந்துச்சு.

சின்னவ கட்டிலு மேல இருந்து, "பெரியம்மா, உள்ள எங்க வாப்பாவோட வள்ளம் இருக்கா?"ன்னு என்னையக் கேட்டா. அந்தக் கொரலுக்குத்தான் எந்திரிச்சேன்.

எந்திரிச்சு, காத்து வேணும்னு கதவைத் தள்ளினேன். அசையலை. மேல நெலையோட இறுகிப்போயிருக்கு, கீழ ஒரு கை நுழையுற சந்து. புதுக் கதவு. "வந்தப்ப இப்படியா இருந்துச்சு?"ன்னேன். "வந்தப்ப நல்லாத்தான் சாத்துச்சு, போகப் போக இப்படி ஆயிருச்சு"ன்னா.

எனக்கு அங்கதான் பொறி தட்டுச்சு. எங்க ஊரு ஆசாரி எவரையும் கேட்டுப் பாருங்க, கரிசல் வீட்டுக் கதவைக் கோடையில சீவித் தரமாட்டாரு. "மழை முடியட்டும், பிறகு வாரேன்"ம்பாரு. ஏன்னா கோடையில மண்ணு சுருங்கி வீடு எறங்கும், மழையில மண்ணு உப்பி வீடு ஏறும். கோடையில சீவினா மழையில கதவு ஆடும். பாளையம்பட்டியில இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வீடு எறங்கும்னா, அதே மண்ணுல நிக்கிற கல்லு?

அங்கனயே நின்னு அதிகாரிக்குப் போன் போட்டேன். "சார், நம்ம கல்லு எறங்குது"ன்னேன். பைலைப் புரட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "கல்லு எறங்கினா நம்ம கணக்குல கடல் ஏறின மாதிரித் தெரியும், இல்லைம்மா?"ன்னாரு. இதுக்குத்தான் அவரைக் கெட்டிக்காரருன்னு சொன்னேன். இன்னொருத்தரா இருந்தா என்னையத் திட்டிட்டு வச்சிருப்பாரு. மறுநாள் அவரே வந்துட்டாரு. வெட்டுப்பட்ட குன்னோட வேரு இன்னும் தரையோட தரையா இருக்கும்னு அவருதான் யோசிச்சாரு. தேடிப் போனா, ஆடுக படுத்துக் கெடக்குற பாறை நாக்கு ஒண்ணு, பழைய நோட்டுல உயரம் எழுதியிருந்த ஒரு துணைக் குறியோட மிச்சம் இருந்துச்சு. அதுல இருந்து லெவல் மிஷினை வச்சு ரோட்டுக் கல்லு வரைக்கும் வந்தோம்.

அரைச்சாண். கல்லு அரைச்சாண் உள்ள போயிருந்துச்சு.

அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்பாக. இங்க யாரும் அடிக்கவே இல்லை, கல்லு நகர்ந்திருக்கு. அதிகாரி அந்தக் கல்லு மேலயே உக்காந்து தண்ணி குடிச்சாரு. நான் ஆமினாகிட்ட, "உள்ள கடல் இல்லைத்தா. வெடிப்பு வீட்டுக்கு அடி வரைக்கும் ஓடுது. கம்மாக் கரைப் பக்கம் வீசுற காத்து அதுக்குள்ள பூந்து வருது"ன்னு சொன்னேன். அவ நம்பினாளான்னு தெரியலை. சொன்ன நானே முழுசா நம்பலை. ஏன்னா அன்னைக்கு உச்சி வேளையில காத்தே இல்லை.

இப்பக் கவனிங்க. கல்லு பொய் சொன்னது அரைச்சாண்தான். மிச்ச அரைச்சாண் நெசம். பக்கீர் வாசல்ல தண்ணி நின்னதை நான் கண்ணால பாத்தேன்ல. அது எங்க இருந்து வந்துச்சு?

பாலு சூடேறினா பொங்குதுல்ல, கடலும் சூடேறினா உப்பும், பால் அளவுக்கு இல்லை, ஆனா கடலுக்கு ஆழம் எம்புட்டு இருக்கு. பெரிய ஆத்துத் தண்ணி கலந்து உப்புக் கொறைஞ்சாலும் உசந்து நிக்கும். மேல இருக்கிற காத்தோட அழுத்தம் கொறைஞ்சாலும் கொஞ்சம் ஏறும். கரையோரமா அடிக்கிற காத்து தண்ணியைக் கரைக்குத் தள்ளும், இல்லை கரையை விட்டு இழுக்கும். இதெல்லாம் பக்கத்துல நடக்குறது. இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. பூமியோட இடுப்புக்கிட்ட, அதான் பூமத்திய ரேகைப் பக்கம், நடுக்கடல்ல, காத்து வழக்கத்தை விட்டு மாறி அடிக்கும். அங்க தண்ணி லேசாப் புடைக்கும். ஒரு சாணுக்கும் கம்மி உயரம், நூத்துக்கணக்கான மைலு நீளம். கப்பல்ல போறவன் அதுமேல ஏறி எறங்குனாலும் அவனுக்குத் தெரியாது. அந்தப் புடைப்பு கெழக்க போயி சுமத்ரா பக்கம் முட்டும். முட்டித் திரும்பி, கரையைத் தடவிக்கிட்டே பர்மா, வங்காளம், ஒடிசா, ஆந்திரான்னு சுத்தி நம்ம பக்கம் எறங்கி வரும். மாசக்கணக்காகும். இங்க வந்து தெருவுல நிக்கும்போது, அதைக் கெளப்பி விட்ட காத்து எப்பவோ செத்துப் போயிருக்கும். அன்னைக்கு இலை அசையாத வெயில்ல நான் பாத்தது அதைத்தான். காத்து போயிருச்சு, அது தள்ளின தண்ணி மட்டும் வழி கண்டுபிடிச்சு வந்து சேந்திருக்கு. இதைப் புரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை.

இன்னொண்ணும் கேளுங்க. தண்ணியை நம்ம பக்கம் ஏத்தி விடுற அதே காத்துதான், அந்த வருஷம் நம்ம ஐப்பசி மழையையும் பல தடவை கெடுக்குது. எல்லா வருஷமும் அப்படின்னு சொல்ல மாட்டேன், ஆனா பல வருஷம். பரளச்சியில கரிசல் வெடிக்கிற வருஷம் கடல் ஏறி நிக்கும். கரிசல் நனைஞ்சு உப்புற வருஷம் கடல் எறங்கி நிக்கும். எங்க கல்லும் கடலும் சொல்லி வச்ச மாதிரி எதிர் எதிரா நகர்ந்து, இருக்கிறதை ரெண்டு மடங்காக் காட்டிருச்சு.

இங்க டவுனுல ஒரு பெரிய ஆபீசுல கூட்டம் போட்டாக. அதிகாரி என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. கல்லு எறங்கின கதையைச் சொன்னோம். மேஜைக்குத் தலையில இருந்தவரு கையைக் காட்டி நிறுத்தினாரு. "கதை வேண்டாம். கடல் அந்த ஊரை முழுங்குமா, முழுங்காதா? ஒரு வார்த்தை."

எங்க அதிகாரி என்னையப் பாத்தாரு. பயந்து இல்லை, இது உன் மண்ணுங்கிற மாதிரி. முழுங்காதுன்னு சொல்லி, ஐப்பசியில ஒரு புயலு இந்த உசந்த தண்ணிக்கு மேல ஏறி வந்துச்சுன்னா, அத்தனை உசுரும் என் தலையில. முழுங்கும்னு சொன்னா அந்த ஊரு இன்னையோட முடிஞ்சுச்சு, கரையில வேலி. நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன்.

"ஒரு வார்த்தையில சொல்ற விஷயம் இல்லைங்க. இந்த வருஷம் கடல் உசந்து நிக்கிது, அது எறங்கும். உலகம் சூடாகி, பனி உருகி, கடல் மெள்ள மெள்ள ஏறுறது வேற கணக்கு. அது எறங்காது, அதுக்கு ஊரு தயாராகணும், அதுக்கு நேரம் இருக்கு. ஆனா இந்த மழைக்காலம் மட்டும் ஒருத்தரும் அங்க படுக்கக் கூடாது. மார்கழி கழிச்சு அனுப்பிருங்க. வேலி போடாதீக."

"எறங்காட்டி?"

"எறங்காட்டி நானே வந்து வேலிக்குக் குழி தோண்டுறேன்."

ரொம்பத் திமிராத்தான் சொன்னேன். பதறாத காரியம் சிதறாதுன்னு எங்க அதிகாரி மட்டும் மெதுவாச் சொன்னாரு. ஒத்துக்கிட்டாக.

மிச்ச ஊரையும் மழைக்காலத்துக்கு மட்டும் பரளச்சிக்குக் கொண்டாந்தாக. பக்கீர் மட்டும் வரலை. கார்த்திகையில ஒரு காத்தழுத்தம் கெளம்புச்சு. பெரிய புயலுன்னு சொல்ல முடியாது, டிவியில பேரு கூட வைக்கலை. ஆமினா என் முன்னாலதான் அவனுக்குப் போன் போட்டா. "நீ கடைசி லாரியில ஏறி வாரியா, இல்லை நான் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அங்க வந்து உன் பக்கத்துல உக்காரவா? ரெண்டுல ஒண்ணு சொல்லு." அவன் வந்தான். யாரு மூஞ்சியையும் பாக்காம கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டான்.

மறுநாள் நாங்க கரைக்குப் போனோம். பேரு இல்லாத அந்தக் காத்து, உசந்து நின்ன தண்ணியை ஜன்னல் வரைக்கும் ஏத்தி எடுத்துட்டுப் போயிருந்துச்சு. பக்கீர் வீட்டுக்குச் செவுரு இல்லை. அவன் படுக்கிற இடத்துல ஒரு குழி, அதுக்குள்ள தெளிஞ்ச தண்ணி, அடியில அவன் பாயி. நான் மணல்ல உக்காந்து அழுதேன். ஊரு வெறுமையாக் கெடந்ததுக்கு, ஒரு பொணம் இல்லாததுக்கு அழுதேன்.

அடுத்த வருஷம் மழை பேஞ்சு தள்ளுச்சு. கரிசல் உப்பி, பருத்தி காச்சுக் குலுங்குச்சு. கடல் சொன்னபடி எறங்குச்சு. இந்தத் தடவை நாங்க பாறை நாக்குல இருந்து அளந்தோம். வேலி போடலை, மார்கழி கழிஞ்சதுமே ஊரு திரும்பிப் போயிருந்துச்சு. இதோட முடிஞ்சிருந்தா நானும் மாலை மரியாதையை வாங்கிக்கிட்டுச் சந்தோசமா ரிட்டயர் ஆகியிருப்பேன்.

கடல் எறங்கினதும் முன்னாடி புதுசா மணலு தெரிஞ்சுச்சு. பக்கீர் இடிஞ்ச வீட்டைக் கட்டலை. அந்தப் புது மணல்ல, முன்னை விடக் கடலுக்குக் கிட்டக்கப் போயி, ஒரு வீட்டைக் கட்டினான். கேள்விப்பட்டு ஓடினேன்.

"ஏன்யா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இந்த மணலு இந்த வருஷத்துக்குத்தான்யா. கடல் திரும்ப இதுக்கு வரும்."

அவன் சிரிச்சுக்கிட்டே சாந்து பூசினான். "நீங்கதான மேடம் கூட்டத்துல சொன்னீக, கடலு எறங்கும்னு? எறங்கிருச்சுல்ல. நீங்க சொன்னா தப்பாது."

"எறங்கும்னு சொன்னேன். ஏறாதுன்னு சொல்லலையே."

"அதை நீங்க அன்னைக்குச் சொல்லலையே."

நான் சொன்னது அத்தனையும் சரி. அவன் கேட்டது அதுல பாதி. பொய்யான எண்ணைத் திருத்திரலாம் பிள்ளைகளா. சரியான எண்ணைப் பாதி கேட்டுக்கிட்டு அதுமேல வீடு கட்டிட்டா என்ன செய்வீக? ஒவ்வொரு வருஷமும் போயிச் சொன்னேன். அதுக்கப்புறம் நாலஞ்சு வருஷமா நல்ல மழை. கடல் அவன் பக்கம் பேசுச்சு, என் பக்கம் பேசலை.

இப்ப விஷயத்துக்கு வாரேன். போன வருஷமும் மழை இல்லை, இந்த வருஷமும் இதுவரைக்கும் இல்லை, உங்களுக்கே தெரியும். போன வாரம் நான் பஸ்ஸு ஏறிப் பரளச்சிக்குப் போயி நடந்து பாத்தேன். அந்தப் பழைய வெடிப்பெல்லாம் வாயைத் தெறந்துருச்சு. உச்சி வேளை. ஒரு காக்கா இல்லை. கண்ணுக்கெட்டுன மட்டும் காஞ்ச மண்ணு, அதுக்கு நடுவுல நின்னுக்கிட்டு எனக்குக் கடல் பயம் வந்துச்சு. அங்கன நின்னே ஆமினாவுக்குப் போன் போட்டேன்.

"கடலு அமைதியாத்தான் இருக்கு அக்கா. காத்தே இல்லை"ன்னா. பெரியவ பிரசவத்துக்கு வந்திருக்காளாம், இது எட்டாவது மாசமாம். அதையெல்லாம் சந்தோசமாச் சொல்லிட்டு வைக்கப் போனவ, "அடுப்படித் தரை மட்டும் ரெண்டு நாளா நசநசன்னு இருக்கு, ஏன்னு தெரியலை"ன்னா.

பக்கீர்கிட்டக் குடுக்கச் சொன்னேன். அவன் வாங்கி, "நீங்கதான மேடம் சொன்னீக, எறங்கும்னு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டான்.

நாளைக்கு உங்களுக்குக் கரையில பயிற்சின்னு உங்க ஆபீசர் சொன்னாரு. அந்த அளவுக் கம்பத்துக்குத்தான் போறீக. கம்பம் எங்கயும் ஓடிறாது, அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்த வீட்டுக்குப் போங்க. அவன்கிட்ட எந்த எண்ணையும் சொல்லாதீக, அதுல பாதியை எடுத்துக்குவான். அவன் திட்டுவான், திட்டட்டும். பெரியவளை உங்க ஆபீஸ் ஜீப்புல முன் சீட்டுல உக்கார வச்சு, ஆமினாவையும் சின்னவளையும் பின்னாடி ஏத்திக் கூட்டிட்டு வந்துருங்க. பொண்டாட்டி பிள்ளை இல்லாத வீட்டுல அவன் ஒரு பகலு இருப்பான், அதுக்கு மேல இருக்க மாட்டான். பாளையம்பட்டியில எங்க வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு. பிரசவத்தை நான் பாத்துக்கிறேன்.